விமானி தவறினார்; தவற வைத்தது யார்?

ஆலையில் தொழிலாளியின் விரல் போனால் நிர்வாகம் என்ன சொல்கிறது? "கவனக் குறைவு!" களத்து மேட்டில் கதிரடிக்கும் மிஷின் கூலியாளின் கையை இழுத்துக்கொண்டால் பண்ணையார் என்ன சொல்கிறார்? "அவனுக்கு வேலை தெரியாது!" வானத்திலிருந்து விமானம் விழுந்தாலும் இதே பாட்டுத்தான். "விமானிக்குத் திறமை போதாது" என்று ஒரு வரி எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

விமானத்து விவகாரம் நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலை தேடிப் போகிற நம் பிள்ளைகள் விமானத்தில்தான் போகிறார்கள். அது மட்டுமல்ல. விமானியும் சம்பளத்துக்கு உழைப்பவரே. அவரை எப்படி வேலை வாங்குகிறார்கள் என்று பார்த்தால், நம்மை வேலை வாங்குகிற விதமும் விளங்கும். ஒரே ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம்.

50 பேர் மாண்ட இரவு

2009 பிப்ரவரி 12. அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் போன 3407-ம் எண் விமானம், சேரவேண்டிய இடத்துக்குச் சில மைல் முன்னால், கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மேல் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் மாண்டார்கள். வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டார்.

பயணிகள் வாங்கிய டிக்கெட்டில் கான்டினென்டல் என்ற பெரிய கம்பெனியின் பெயர் இருந்தது. விமானத்தை ஓட்டியதோ கோல்கன் ஏர் என்ற சிறிய கம்பெனி. காண்டிராக்ட் முறை! பெரியவன் பெயரை விற்றான். சின்னவன் மலிவான உழைப்பை விற்றான். காண்டிராக்டரிடம் வேலை செய்கிற தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விபத்து எப்படி நடந்தது? ஓடுகிற சைக்கிள் நிற்கிறது. வேகம் போனால் சாய்கிறது. விமானமும் அப்படியே. வேகம் குறைந்தால் இறக்கை விமானத்தைத் தாங்காது. ஆபத்து நெருங்கும்போது விமானியின் கையிலுள்ள பிடி தானாகவே அதிரும். உடனே அவர் பிடியை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்தி, எஞ்சினுக்கு முழு வேகம் கொடுக்கவேண்டும். அன்றிரவு பிடி அதிர்ந்தபோது விமானம் இன்னும் கைமீறிப் போய்விடவில்லை. ஆனால் தலைமை விமானி பிடியைத் தள்ளுவதற்குப் பதிலாக இழுத்தார். அடுத்து, பிடியைத் தானே முன்னால் தள்ளுகிற கருவி வேலை செய்தது. அதையும் எதிர்த்து இழுத்தார். அரை நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-ல் தன் முடிவைச் சொன்னது: தலைமை விமானி தவறாகச் செயல்பட்டதே காரணம். வேகம் குறைவதை இரண்டு விமானிகளும் கவனிக்கவில்லை. இறங்கும் நேரத்தில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தார்கள். கம்பெனியின் விதிமுறைகளும் போதவில்லை.

விமானி தவறினார் என்பதை நாம் மறுக்கவில்லை. தவறை மூடி மறைப்பது தொழிலாளிக்கு அழகல்ல. ஆனால் நாம் கேட்கிறோம்: தள்ளவேண்டிய நேரத்தில் இழுத்த அந்தக் கையைப் பழக்கியது யார்? பழக்காமல் விட்டது யார்?

இதுதானா பயிற்சி?

பிடியைத் தள்ளுகிற கருவி திடீரென்று வேலை செய்தால் என்ன செய்யவேண்டும் என்று, நிலத்தில் இருக்கும் போலி விமானக் கூண்டில் வைத்துப் பழக்கலாம். கோல்கன் கம்பெனி பிடி அதிர்வது வரைதான் பழக்கியது. அதற்கு அடுத்த கட்டத்தை வகுப்பில் வாயால் சொல்லிக் கொடுத்ததோடு சரி. நீந்தத் தெரியாதவனுக்குக் கரும்பலகையில் ஆறு வரைந்து காட்டியதைப் போல!

தலைமை விமானி கம்பெனியில் சேருவதற்கு முன்பே சில தேர்வுகளில் தவறியவர். அவற்றில் ஒன்றைத்தான் அவர் தெரிவித்திருந்தார். அவருடைய பழைய ஏடுகளை முழுவதும் வாங்கிப் பார்க்கக் கம்பெனியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, கம்பெனியும் தேடவில்லை. சேர்ந்த பிறகும் அவர் தேர்வில் தவறினார். அப்போதாவது குறையைக் கண்டு கூடுதல் பயிற்சி கொடுத்தார்களா? பலவீனமுள்ள விமானிகளைப் பொறுக்கி எடுத்துப் பழக்குகிற ஏற்பாடே அங்கு இல்லை. பயிற்சி என்றால் செலவு. பழகுகிற நேரத்தில் விமானி டிக்கெட் காசு சம்பாதித்துத் தரமாட்டாரே!

தூங்காத கண்கள்

துணை விமானி 24 வயதுப் பெண். அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் வெளிவந்தது. இல்லை, 23,900 டாலர் என்று கம்பெனி பிற்பாடு சொன்னது. அதையே வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளத்தில் நியூவார்க் பக்கம் குடியிருக்க முடியுமா? அவர் நாட்டின் மேற்குக் கோடியில், சியாட்டில் அருகே பெற்றோருடன் வசித்தார். வேலைக்கு வர, இரவெல்லாம் சரக்கு விமானங்களில் இடம் பிடித்து, கிழக்குக் கோடிக்கு வந்தார். தலைமை விமானி புளோரிடாவிலிருந்து வந்தவர். முந்திய இரவை நியூவார்க்கில் ஊழியர் அறையில் கழித்தார். அங்கே இரவு தூங்கக்கூடாது என்பது கம்பெனி விதி!

இவர்கள் இருவர் மட்டுமல்ல. நியூவார்க்கில் வேலைபார்த்த அந்தக் கம்பெனியின் 137 விமானிகளில் 93 பேர் இப்படி வெளியூர்களிலிருந்து வந்தவர்கள்.

துணை விமானிக்கு அன்று சளி பிடித்திருந்தது. இப்போது உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னால், குணமாகும் வரை சொந்தப் பணத்தில் ஓட்டலில் தங்கவேண்டுமே என்று அவர் பேசியது குரல் பதிவுக் கருவியில் இருக்கிறது. காய்ச்சலோடு இரவு ஷிப்டுக்குப் போன அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

களைப்பு அவர்கள் வேலையைப் பாதித்திருக்கக்கூடும் என்று வாரியம் ஒப்புக்கொண்டது. ஆனால் விபத்தின் காரணங்களில் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கவேண்டும் என்று வாரியத் தலைவி டெபோரா ஹெர்ஸ்மனே தனிக் குறிப்பு எழுதினார்.

கைதட்டலும் சம்பள வெட்டும்

"அனுபவமுள்ள நல்ல விமானிகளை நாங்கள் மதிக்கிறோம்" என்று முதலாளிகள் சொல்வார்கள். எப்படி மதித்தார்கள்? இந்த விபத்துக்கு நாலு வாரம் முன்பு, 2009 ஜனவரி 15 அன்று, பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் செத்துப்போன விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 உயிர்களையும் காத்தார் சல்லன்பெர்கர் என்ற விமானி. உலகமே கைதட்டியது. பிப்ரவரி 24 அன்று அவர் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி முன் நின்று என்ன சொன்னார் தெரியுமா? தன் சம்பளம் 40 சதவிகிதம் வெட்டப்பட்டது, பென்ஷனும் பறிபோனது, தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரட்டும் என்று விரும்புகிற ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். உயிர் காத்த கைக்குக் கூலி வெட்டு! பிறகு திறமை எங்கிருந்து வரும்?

சட்டம் தானாக வரவில்லை

மாண்டவர்களின் குடும்பங்கள் அழுதுவிட்டு வீட்டுக்குள் முடங்கவில்லை. ஒன்றுசேர்ந்தார்கள். திரும்பத் திரும்ப வாஷிங்டனுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். 2010 ஆகஸ்டு 1-ம் தேதி புதிய சட்டம் வந்தது. முன்பு 250 மணி நேரம் பறந்த அனுபவத்தோடு துணை விமானியாகச் சேர முடிந்தது. 2013 முதல் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்றாயிற்று. ராணுவ விமானிகளுக்கும், விமானப் படிப்பில் பட்டம் பெற்றவர்களுக்கும் மட்டும் இதில் குறைவு உண்டு. ஓய்வு நேர விதிகள் 2014-ல் அமுலுக்கு வந்தன. இறக்கை தாங்காத நிலையில் விமானத்தை மீட்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள்; அதை முழுதும் நிறைவேற்றக் கம்பெனிகளுக்கு 2019 வரை அவகாசம்! விமானிகளின் ஏடுகளை ஒரே இடத்தில் திரட்டும் விதி 2021-ல்தான் முடிவாயிற்று.

இதிலும் ஓர் அநியாயம் பாருங்கள். சரக்கு விமானிகளுக்கு அந்த ஓய்வு விதியிலிருந்து விலக்கு! செலவு கட்டுப்படியாகாதாம். பெட்டிகளுக்கு உயிர் இல்லை, சரி. ஓட்டுகிறவருக்குமா உயிர் இல்லை?

"ஆள் பஞ்சம்" என்ற கூக்குரல்

கம்பெனிகள் சும்மா இருக்குமா? "1,500 மணி வீண் கெடுபிடி, விமானிகள் கிடைக்கவில்லை" என்று கூக்குரல் போட்டார்கள். ரிபப்ளிக் என்ற கம்பெனி, தன் பள்ளியில் படித்தவர்களுக்கு 750 மணி போதும் என்று 2022-ல் மனுப் போட்டது. சர்க்கார் மறுத்தது. 2023-ல் போலிக் கூண்டில் கழித்த மணிகளைக் கூடுதலாகக் கணக்கில் சேர்க்கப் பார்த்தார்கள். குடும்பங்களும் விமானிகள் சங்கமும் எதிர்த்தன. காங்கிரஸ் சபை அதைத் தள்ளிவிட்டது.

அவர்களுடைய வாதம் ஒன்றுக்கு நாம் பதில் சொல்லியாகவேண்டும். 3407-ன் தலைமை விமானி 3,300 மணிக்கு மேல் பறந்தவர். துணை விமானி 2,200 மணிக்கு மேல். "அப்படியானால் 1,500 மணி விதி இருந்தாலும் அந்த விபத்து நடந்திருக்குமே" என்கிறார்கள். உண்மை, மணிக்கணக்கு மட்டும் போதாது. அதனால்தான் சட்டம் அனுபவம், பயிற்சி, ஓய்வு, ஏடு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டது. நாலு காலில் நிற்கிற கட்டிலின் ஒரு கால் மட்டும் நம்மைத் தாங்கவில்லை என்று அதை அறுத்து எறிவது எந்த நியாயம்?

ஆள் பஞ்சம் என்றார்களே, அதன் ரகசியமும் வெளியாயிற்று. அமெரிக்காவில் விமானப் படிப்புக்கு ஆகிற செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. கடன் வாங்கிப் படித்தவர் 16,000 டாலருக்கும் 20,000 டாலருக்கும் ஏன் வருவார்? 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணைக் கம்பெனிகள் புதிய விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று சம்பளத்தை உயர்த்தின. அந்தப் பணம் அதுவரை எங்கே இருந்தது? பஞ்சம் ஆளுக்கு அல்ல, கொடுக்கிற மனசுக்கு!

நாம் சொல்வது

திறமை என்பது பிறவியில் வருவதல்ல. பழகுவதற்கு நேரம், பழக்குவதற்கு ஆள், தூங்குவதற்கு இடம், குடும்பம் நடத்தச் சம்பளம் ஆகிய இவை சேர்ந்ததுதான் திறமை. இவற்றைக் குறைத்துவிட்டு, பிறகு "திறமை இல்லை" என்று தொழிலாளியைக் குற்றம் சொல்வது, விதை நெல்லை விற்றுவிட்டு விளைச்சல் இல்லை என்று நிலத்தைத் திட்டுவதாகும்.

ஆகவே பயிற்சிச் செலவைக் கம்பெனியே ஏற்கவேண்டும். இளைஞர் தலையில் கடனாகக் கட்டக்கூடாது. பழகும் நேரமும் வேலை நேரமே. அதற்கும் சம்பளம் வேண்டும். உடம்பு சரியில்லை என்று சொல்கிறவருக்குக் கூலி வெட்டு கூடாது. காண்டிராக்டுக்கு விட்ட பெரிய கம்பெனியும் விபத்துக்குப் பொறுப்பேற்கவேண்டும். இவை விமானிக்கு மட்டும் உரிய கோரிக்கைகள் அல்ல. ரிங் பிரேமில் நிற்பவருக்கும், பாய்லர் பக்கம் நிற்பவருக்கும், கதிரடிக்கும் மிஷினில் கட்டு கொடுப்பவருக்கும் இவையே வேண்டும்.

இனி ஒரு விபத்து நடந்து, "கவனக் குறைவு" என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டினால், தோழர்களே, அங்கேயே நின்று கேளுங்கள்: அவரை எத்தனை நாள் பழக்கினீர்கள்? எத்தனை மணி வேலை வாங்கினீர்கள்? எவ்வளவு கூலி கொடுத்தீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு குற்றவாளி யார் என்று பேசுவோம்!