நடுவுல ஒரு சீட் காலி!

ஏனுங்க, செமஸ்டர் முடிஞ்சுதுங்களா? பயப்படாதீங்க, அரியர் எத்தனைன்னு கேட்க மாட்டேன். இந்த வாரம் மேட்டரே வேற.

ஊர்ல உங்க வீட்டு மாடி போர்ஷன் சும்மா பூட்டிக் கிடக்கா? தோட்டத்துச் சாளையில ரெண்டு ரூம் காலியா இருக்கா? 'இதை ஹோம்ஸ்டே ஆக்கினா நாலு காசு பார்க்கலாமேப்பா'ன்னு வீட்ல ஒரு பிட்டைப் போட்டுப் பார்த்திருக்கீங்களா? அப்ப இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். அப்படி எதுவும் இல்லாதவங்களும் தாண்டிப் போயிடாதீங்க. கடைசியில உங்களுக்கும் ஒரு வேலை வெச்சிருக்கேன்.

ஹோம்ஸ்டேன்னதும் உங்க மனசுல யார் வர்றாங்க? பைக்ல வர்ற நாலு பசங்க, இல்லைன்னா புதுசா கல்யாணம் ஆன ஜோடி. சரிதானே? ஆனா திருப்பூர் பக்கம் வேற ஒரு செட் கஸ்டமர் இருக்காங்க. நம்ம பார்வையில அவ்வளவா படாதவங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள். கோடை லீவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடுவாங்க. பனியன் கம்பெனியை மூட மாட்டாங்க. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போறது திருப்பூர்ல இருந்துதான். கப்பல் ஏத்துற தேதி, நம்ம வீட்டுக் குழந்தைக்கு லீவான்னு கேட்டுட்டா வரும்? கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங்னு எந்த செக்‌ஷனா இருந்தாலும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தா காலை எட்டரைக்குப் போனவங்க ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவாங்க. முதலாளி வீட்லயும் பெருசா வித்தியாசம் இல்லை. ஆர்டர் போயிட்டு இருக்கும்போது அவரும் நகர முடியாது. ஊரே மொத்தமா மூச்சு விடுறது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.

அப்ப மே மாசம் குழந்தைங்களை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறது யாரு? வேற யாரு... அப்புச்சியும் அம்மிச்சியும்தான்! இல்லைன்னா அப்பாரும் ஆத்தாவும்.

வெளிநாட்டுல இதுக்குப் பேரே வெச்சுட்டாங்க பாஸ், 'ஸ்கிப் ஜெனரேஷன் டிராவல்'. நடுத் தலைமுறையை வீட்ல விட்டுட்டு, மேல் தலைமுறையும் கீழ் தலைமுறையும் மட்டும் கிளம்புறது. அமெரிக்காவுல 1975ல் எல்டர்ஹாஸ்டல்னு ஆரம்பிச்சு, இப்ப ரோடு ஸ்காலர்ங்கிற பேர்ல இருக்கிற அமைப்பு, தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்னே தனி டூர் நடத்துது. நம்ம ஊர்ல பேர் வைக்காமலே நடக்குது, அவ்வளவுதான்.

இந்த டூர்ல ஒரு சிக்கல் இருக்கு. குடும்பம்னு ஒரு கார் இருந்தா, அதுல நடு சீட் காலி. அப்பா அம்மா உட்கார வேண்டிய சீட். பெட்டி தூக்குறது, ஓடுற பையனைத் துரத்திப் பிடிக்கிறது, ராத்திரி காய்ச்சல்னா மாத்திரை வாங்க ஓடுறது எல்லாம் அந்த சீட்டோட வேலை. விருந்தாளி வந்து இறங்கின நிமிஷத்துல இருந்து அந்த சீட்ல உட்காரப் போறது யார் தெரியுமா? வீட்டுக்காரரான நீங்க!

யார்கிட்ட பேசணும்?

ரூம் புக் பண்றது பெரும்பாலும் மகளோ மகனோதான். கம்பெனி முடிஞ்சு வந்து, ராத்திரி செல்போன்ல பண்ணியிருப்பாங்க. ஆனா வரப்போறது அவங்க இல்லை. அதனால, 'அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ ஒரு அஞ்சு நிமிஷம் போனைக் குடுங்க'ன்னு கேளுங்க.

'படி ஏறுவீங்களா? இந்தியன் டாய்லெட் ஒத்துவருமா, வெஸ்டர்ன் வேணுமா? சர்க்கரை, பிரஷர் மாத்திரை உண்டா? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க? பேரனுக்கு எத்தனை வயசு? எது சாப்பிட்டா ஒத்துக்காது?' இவ்வளவுதான் கேள்வி. நீங்க அனுப்புற பத்து கலர் போட்டோவை விட இந்த அஞ்சு நிமிஷம் அவங்களுக்கு நம்பிக்கை கொடுக்கும்.

இன்னொண்ணும் அப்பவே பேசி வெச்சுக்கணும். ராத்திரி பதினோரு மணிக்கு அப்புச்சிக்குத் தலை சுத்துதுன்னு வைங்க. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, 'புள்ளைக்குச் சொல்லிப்போடாதீங்க தம்பி, பயந்துக்குவா, அடுத்த வருசம் எங்க கூட குழந்தைங்களை அனுப்ப மாட்டா'ன்னு சொல்லுவார். அவருக்குத் தலை சுத்துறது கூட பெரிசில்லை. பேரனோட ஊர் சுத்துற உரிமை போயிடுமோன்னுதான் பயம். என்ன பண்ணுவீங்க?

அந்த நேரத்துல யோசிக்க முடியாது. முதல் போன்லயே சொல்லிடுங்க: 'ஏதாச்சும் ஒண்ணுன்னா 108க்குக் கூப்பிடுவேனுங்க, உங்க மகளுக்கும் சொல்லுவேனுங்க. ஆனா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.' முன்னாடியே தெரிஞ்சுட்டா அது கோள் மூட்டுறது ஆகாது, வீட்டுச் சட்டம் ஆயிடும். குழந்தை பேர், ஒத்துக்காத மருந்து, ரத்த குரூப், அப்பா அம்மா ரெண்டு பேர் நம்பர்... எல்லாம் எழுதி, பெத்தவங்க கையெழுத்தோட ஒரு தாள் கொண்டுவரச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில கை கொடுக்கும்.

ரெண்டு உயரத்துக்கு ஒரு வீடு

கம்பெனியில பீஸ் பேக்கிங் போறதுக்கு முன்னாடி செக்கிங் டேபிளுக்கு வரும்ல? உங்க வீட்டையும் ரெண்டு தடவை செக்கிங் பண்ணுங்க. ஒரு தடவை எழுபது வயசு முழங்காலோட நடந்து பாருங்க. அடுத்த தடவை மண்டி போட்டு, மூணு வயசு உயரத்துல ஊர்ந்து பாருங்க. சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

எழுபது வயசுக்கு எங்க வழுக்கும்? பாத்ரூம்ல. உலக அளவுல விபத்துச் சாவுகள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுறதுக்குத்தான். அதுல அதிகமா உயிர் விடுறது 60 தாண்டினவங்க. கழிப்பறை பக்கத்துல ஒரு கைப்பிடி, தரையில ரப்பர் மேட், கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல விடிய விடிய எரியற ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. மொத்தச் செலவு ஒரு நல்ல ஷூ விலை கூட வராது.

மூணு வயசு உயரத்துல என்ன தெரியும்? பிளக் பாயின்ட் தெரியும். திறந்த சம்ப் தெரியும். முக்கியமா, டீப்பாய் மேல அம்மிச்சி வெச்ச மாத்திரை டப்பா தெரியும். சில சர்க்கரை மாத்திரை ஒண்ணே ஒண்ணு போதும், சின்னக் குழந்தையோட ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிடும். பூட்டு போட்ட ஒரு சின்ன அலமாரி உசரத்துல இருக்கட்டும். சாவி அம்மிச்சி கையில.

சாப்பாடு? அம்மிச்சிக்கு காரம் ஆகாது, பேரனுக்கு நூடுல்ஸ்தான் வேணும். டென்ஷன் ஆகாதீங்க. இருக்கவே இருக்கு நம்ம அரிசிம்பருப்பு சோறு. குழைய வடிச்சு, மேல நெய்யை ஊத்திக் கொடுங்க. ரெண்டு தலைமுறையும் ஒரே தட்டுல சமாதானம் ஆயிடும்.

மதியம் ரெண்டு மணி

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வரியை மட்டும்தான் ஞாபகம் வெச்சுக்குவேன்னு அடம்பிடிச்சீங்கன்னா, இதை வெச்சுக்குங்க: ஆபத்தான நேரம் மதியம் ரெண்டு மணி.

ஏன்? சாப்பிட்டு முடிச்சதும் பெரியவங்களுக்குக் கண்ணு சொக்கும். குழந்தைங்களுக்கு அப்பத்தான் பொழுது விடியும்! வாசல்ல தென்னந்தோப்பு, தோப்புக்குள்ள கிணறு. நம்ம பக்கத்துத் தோட்டத்துக் கிணறு எப்படின்னு உங்களுக்கே தெரியும். சின்ன வீடே உள்ளே போற அளவுக்கு அகலம், பல இடத்துல சுத்துச்சுவர் கிடையாது. உடுமலை, பல்லடம் பக்கம்னா பிஏபி வாய்க்கால் வேற. தண்ணி விட்ட நாள்ல பார்க்க சாதுவா இருக்கும், உள்ளே இழுப்பு பயங்கரமா இருக்கும். 2021ல் மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி இறந்ததா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தை.

அதனால கிணத்துக்குக் கம்பி வலையும் கேட்டும் போடாம ரூமுக்கு போர்டு மாட்டாதீங்க. அப்புறம், ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் உங்க வேலை நேரம். திண்ணையில தாயம் உருட்டுங்க, பல்லாங்குழி சொல்லிக் கொடுங்க, கேரம் போர்டை இறக்குங்க. ஒரு விதி மட்டும் கறாரா இருக்கட்டும். குழந்தையோட இருக்கிறது நீங்களா இருந்தாலும், தோட்டத்து ஆளா இருந்தாலும், எல்லார் கண்ணுலயும் படுற இடத்துலதான். கதவு சாத்தின ரூமுக்குள்ள தனியா கூடாது. குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் மரியாதை.

எங்கே போகலாம்?

ஊட்டி, கொடைக்கானல்தான் ஊரா? கொண்டை ஊசி வளைவுல பேரன் வாந்தி எடுப்பான், அப்புச்சிக்குக் கால் மரத்துப்போகும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் வந்துச்சு. பக்கத்துலயே பாருங்க. உடுமலையில இருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல திருமூர்த்தி மலை. அடிவாரத்துல அமணலிங்கேஸ்வரர் கோயில் வரைக்கும் எல்லாரும் போகலாம். மேல பஞ்சலிங்க அருவிக்கு ஏற்றம், முழங்கால் வலிக்காரங்களுக்கு வேண்டாம். மலையில மழை பேஞ்சா அருவியில திடீர் வெள்ளம் வரும். போகலாமா கூடாதான்னு விசாரிச்சுச் சொல்ல வேண்டியது உள்ளூர்க்காரரான உங்க பொறுப்பு. அமராவதி அணைப் பக்கம் 1976ல் ஆரம்பிச்ச முதலைப் பண்ணை இருக்கு. திருப்பூருக்குப் பக்கத்துலயே நஞ்சராயன் குளம்! 2022ல் பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024ல் ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. காலை ஆறு மணிக்குப் போனா வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை.

அப்புச்சி அப்புச்சியாவே இருக்கட்டும்

காலி சீட்ல உட்காருங்கன்னுதான் சொன்னேன், ஸ்டியரிங்கைப் பிடுங்கச் சொல்லலை! 'அண்ணா, தொட்டியில குளிக்கட்டுமா?'ன்னு குட்டிப் பையன் உங்ககிட்ட ஓடி வருவான். நீங்க சரின்னும் சொல்லாதீங்க, கூடாதுன்னும் சொல்லாதீங்க. 'அப்புச்சியைக் கேட்டுட்டு வா சாமி.' அவ்வளவுதான். வருஷம் பூரா 'சும்மா இருங்கப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு கேட்டுக் கேட்டுப் பழகின மனுஷன், இந்த மூணு நாளாவது பேரன் முன்னாடி தலைவரா இருந்துட்டுப் போகட்டுமே. நீங்க எடுத்துக் கொடுக்க வேண்டிய விஷயத்தைக் குழந்தை இல்லாதப்ப அவர் காதுல போடுங்க.

ராத்திரி எட்டரை தாண்டிக் கம்பெனியில இருந்து வீடியோ கால் வரும். குட்டி தூங்கி வழியும். அந்த நேரத்துக்கு சிக்னலோ வைஃபையோ கிடைக்கிற ஒரு நாற்காலியைக் காட்டி வைங்க. அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான் அந்தம்மா நாள் பூரா மெஷின்ல உட்கார்ந்திருப்பாங்க.

காசு மேட்டர்

வார நாள்ல ரூம் ஈயோட்டுதுன்னு புலம்புறவங்க கவனிங்க. அப்புச்சிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வரணும்னு கட்டாயம் இல்லை, பேரனுக்கும் லீவு. திங்கள் டு வியாழன் இவங்களுக்குன்னு கொஞ்சம் குறைச்ச ரேட் போட்டுப் பாருங்க. மத்திய சுற்றுலாத் துறையோட ஹோம்ஸ்டே திட்டத்துல கோல்டு, சில்வர்னு ரெண்டு தரம். அதிகபட்சம் 6 ரூம், 12 படுக்கை, வீட்டுக்காரர் குடும்பமும் அங்கேயே குடியிருக்கணும். 2025 மத்திய பட்ஜெட்ல ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன்னு அறிவிச்சாங்க. பேங்க்ல கேட்டுப் பாருங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கிற பேரன் பேத்தி வந்தா, 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தகவல் கொடுத்தாகணும். மறந்துடாதீங்க. சுவத்துல மூணு நம்பர் எழுதி ஒட்டுங்க: ஆம்புலன்ஸ் 108, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567.

சரி, தோட்டமும் இல்லை, மாடியும் இல்லைன்னு இருக்கிறவங்களுக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன்னு சொன்னேன்ல? இந்த லீவுல உங்க வீட்டுக்கும் ஊர்ல இருந்து அம்மிச்சி வருவாங்க, கூடவே பெரியம்மா பசங்க ரெண்டு வாலும் வரும். பக்கத்து லைன் வீட்டுக்குக் கூட ஒரு பாட்டி, பேத்தியைக் கூட்டிக்கிட்டு வந்து இறங்கலாம். அவங்க வீட்லயும் நடு சீட் கம்பெனிக்குப் போயிருக்கும். மதியம் ரெண்டு மணிக்கு செல்போனைக் கீழ வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் அந்தக் குட்டிங்களோட உட்காருங்க. அம்மிச்சி கொஞ்சம் நிம்மதியா கண் அசரட்டும்.

அதுக்கு ரேட் எல்லாம் போட முடியாது பாஸ். சாயங்காலம் ஒரு டம்ளர் காபியும், 'எம்பட தங்கம்'னு ஒரு கன்னத்துக் கிள்ளலும் கிடைக்கும். வாங்கிக்குங்க!

அடுத்த வாரம் பார்ப்போமுங்க!