இரவல் வாங்கியதை யார் திருப்பிக் கொடுப்பது?



"டீச்சர், ஹாஸ்கெல் மொழி நினைவகத்தைத் தானே துப்புரவு செய்துவிடுமே. பிறகு எதற்கு சி மொழியின் 'ஃப்ரீ' எல்லாம் படிக்கவேண்டும்?" என்று எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் நான்காம் படிவ மாணவர் ஒருவர் கேட்டார். இரண்டு வாரம் கழித்து, நூறு படங்களைச் சிறிதாக்க அவர் எழுதிய ஹாஸ்கெல் நிரல் பாதியில் நின்றது. நினைவகம் தீர்ந்துவிட்டது! அவருடைய கேள்விக்கான பதில் அங்கேதான் இருந்தது.

எந்த நிரலும் ஓடும்போது நினைவகத்தில் இடம் கேட்கும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பித் தரவேண்டும். 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் இரண்டையும் நாமே செய்கிறோம். 'மல்லாக்' இடம் வாங்கும். 'ஃப்ரீ' திருப்பித் தரும். அதற்கு முன்பே, 1950களின் இறுதியில், ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக வேறொரு வழியைக் கண்டார். இனி யாருக்கும் தேவைப்படாத இடத்தை மொழியே தேடி மீட்டுக்கொள்ளும். இதுவே குப்பை சேகரிப்பு. ஹாஸ்கெல், ஓகேமல் போன்ற செயற்கூற்று நிரலாக்க மொழிகள் இவ்வழியில் வந்தவை.

ஆனால், படம், ஒலி போன்ற வேலைகளுக்கு ஹாஸ்கெல் நிரல்கள் சி மொழி நிரலகங்களை நாடுவதுண்டு. அவை 'மல்லாக்' வழியாக வாங்கும் இடம் ஹாஸ்கெலின் கணக்கில் வராது. பள்ளி நூலகப் பொறுப்பாளர், மேசையில் கிடக்கும் பள்ளிப் புத்தகங்களை எடுத்து அடுக்கிவிடுவார். நீங்கள் பொது நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகமும் அங்கே கிடந்தால்? "இதைப் பொது நூலகத்தில் கொடுக்கவும்" என்ற சீட்டு உள்ளே இருந்தால்தான் அவருக்குத் தெரியும்.

ஹாஸ்கெலில் அந்தச் சீட்டுக்கு 'ஃபைனலைசர்' என்று பெயர். அது ஒரு சி செயற்கூற்றின் முகவரி. 'ஃபாரின் பாயிண்டர்' என்ற பொதியில் சி தந்த இடத்தையும் இந்தச் சீட்டையும் சேர்த்து வைக்கிறோம். அந்தப் பொதி இனித் தேவையில்லை என்று சேகரிப்பான் கண்டுகொண்டதும், சி செயற்கூறு அழைக்கப்பட்டு இடம் விடுவிக்கப்படும். குப்பை சேகரிக்கும் நேரத்தில் ஹாஸ்கெல் நிரலையே ஓட்டுவது சிக்கல். அதனால்தான் இந்த வேலை சி செயற்கூற்றிடம் விடப்படுகிறது.

மாணவரின் நிரலிலும் சீட்டு இருந்தது. பிறகு ஏன் நின்றது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,000க்கு 3,000 என்ற அளவுள்ள படத்தில் 12 மில்லியன் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் 36 மில்லியன் பைட். நூறு படங்களுக்கு 3.6 பில்லியன் பைட்! ஆனால் சேகரிப்பானின் கண்ணுக்குத் தெரிவதோ சிறு பொதிகள் மட்டுமே. "குப்பை அதிகம் சேரவில்லையே" என்று அது சும்மா இருந்துவிடும். சீட்டு எப்போது வாசிக்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஆகவே, சீட்டு கட்டாயம் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்பதே என் கருத்து. பெரிய இடத்தை வாங்கினால், வேலை முடிந்த கையோடு நீங்களே திருப்பிக் கொடுங்கள்.

"கையால் செய்தால் தவறு வருமே" என்பீர்கள். உண்மைதான். ஒரே இடத்தை இருமுறை விடுவித்தால் நிரல் குலையும். அதனால் 'ஃப்ரீ'யை நேரடியாக அழைக்காதீர்கள். ஃபைனலைசரை உடனே ஓடவைக்கும் கட்டளை ஹாஸ்கெலிலேயே உண்டு. அதைப் பயன்படுத்தினால் ஃபைனலைசர் பின்னர் மறுபடி ஓடாது. விடுவித்த இடத்தை அதன்பிறகு தொடாமல் இருப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

அந்த மாணவர் ஒவ்வொரு படம் முடிந்ததும் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். நூறு படங்களும் சிறிதாகின. அடுத்த முறை நிரல் எழுதும்போது நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தை வாங்கியது யார்? திருப்பித் தருவது யார்? எப்போது?