உரிமையாளர் கேட்க வேண்டிய கேள்வி

கேமரன் மலையில் எண்ணெய் இல்லாமல் ஒரு வேலையும் நடப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் இருவர் பிடித்து நடக்கும் கொழுந்து வெட்டும் இயந்திரம் பெட்ரோலில் ஓடுகிறது. தேயிலைத்தூளும் காய்கறியும் தாப்பா, சிம்பாங் பூலாய் சாலைகளில் டீசல் லாரியில்தான் இறங்குகின்றன. உரமாகப் போடும் யூரியாகூட இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதே. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது, நாடே விலையைப் பற்றிப் பேசியது. அந்த எண்ணெய் யார் நிலத்திலிருந்து, யாரை விரட்டிவிட்டு எடுக்கப்படுகிறது என்ற பேச்சு எழவில்லை. விலையைக் கேட்கிற அதே உரிமையோடு இதையும் கேட்க வேண்டியவர்கள் நாம்.

மோசமான நிறுவனத்தின் பெட்ரோல் நிலையத்தைத் தவிர்த்து, நல்ல நிறுவனத்தில் ஊற்றிக்கொண்டால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். நடைமுறையில் அது எடுபடாது. மலேசியா தன் லேசான, தரமான கச்சா எண்ணெயில் ஒரு பகுதியை ஏற்றுமதி செய்துவிட்டு, வெளிநாட்டுக் கச்சாவையும் வாங்கிச் சுத்திகரிக்கிறது. ஜொகூர், பெங்கெராங் சுத்திகரிப்பு ஆலையில் பாதிப் பங்கு சவூதி அராம்கோவுடையது. பல நாட்டு எண்ணெய் கலந்தபின், எந்த லிட்டர் எங்கிருந்து வந்தது என்று நிலையத்தில் நிற்பவர் பிரித்தறிய முடியாது. நம் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் வேண்டாமென்று ஷெல்லுக்குப் போனால், நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்து ஒகோனி மக்களின் கதை எதிரே வருகிறது. அவர்களுக்காகப் போராடிய கென் சாரோ-விவா 1995-இல் தூக்கிலிடப்பட்டது தொடர்பான வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 2009-இல் 1.55 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது அந்நிறுவனம்.

ஆனால் பெட்ரோனாஸ் விஷயத்தில் நாம் வெறும் வாடிக்கையாளர்கள் அல்லர். 1974-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நாட்டின் எண்ணெய் வளம் முழுவதையும் அதன் கையில் கொடுத்து, அதைப் பிரதமரின் நேரடிக் கட்டுப்பாட்டில் வைத்தது. அது முழுக்க அரசுடைமை, ஆகவே பொதுமக்களுடையது. அந்த நிறுவனம் சூடானில் என்ன செய்தது? உள்நாட்டுப் போர் எரிந்துகொண்டிருந்த காலத்தில், கிரேட்டர் நைல் எண்ணெய்க் கூட்டமைப்பில் 30 விழுக்காடு பங்கு வைத்திருந்தது. எண்ணெய் வயல்களைச் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விரட்டப்பட்டார்கள். அதே கூட்டமைப்பில் இருந்த கனடாவின் டாலிஸ்மன், தேவாலயங்களும் மனித உரிமை அமைப்புகளும் கொடுத்த நெருக்கடி தாங்காமல், 2003-இல் தன் பங்கை இந்தியாவின் ஓஎன்ஜிசி விதேஷிடம் விற்றுவிட்டு வெளியேறியது. அதே ஆண்டு ஸ்வீடனின் லுண்டின் நிறுவனம் சூடானின் 5ஏ எண்ணெய் வட்டாரத்தில் தனக்கிருந்த பங்கை விற்றபோது, வாங்கியது பெட்ரோனாஸ். அந்த வட்டாரத்தில் நடந்த போர்க்குற்றங்களுக்கு உடந்தையாக இருந்ததாக லுண்டினின் முன்னாள் தலைவர்கள் இருவர்மீது 2023-இல் ஸ்டாக்ஹோமில் விசாரணை தொடங்கியது; அவர்கள் குற்றச்சாட்டை மறுக்கிறார்கள். பெட்ரோனாஸ்மீது அங்கே வழக்கில்லை. ஆனாலும் அதே வட்டாரத்தில் அது பங்காளியாக இருந்தது. கனடாவில் நடந்த விவாதத்தில் ஒரு சிறு பங்காவது நம் ஊரில் நடந்ததா?

ஒருவர் போனால் இன்னொருவர் வருவார், பிறகு கேட்டு என்ன பயன் என்பார்கள். டாலிஸ்மன் விட்ட இடத்தை இந்தியா நிரப்பியது உண்மைதான். அதனால்தான் வெளியேறும்போது அல்ல, நுழையும் முன்பே நிபந்தனை கேட்க வேண்டும் என்கிறேன். அதைக் கேட்க உரிமையாளரால் மட்டுமே முடியும். 2024-ஆம் ஆண்டுக்குப் பெட்ரோனாஸிடமிருந்து அரசுக்குக் கிடைத்த 3,200 கோடி ரிங்கிட் ஈவுத்தொகை பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகிறதே என்ற வாதத்துக்கும் இதுவே பதில். பணம் நமக்கு வருகிறது என்பதால் பொறுப்பும் நமக்கு வருகிறது.

இந்தப் பொறுப்பைத் தோட்டத்துத் தொழிலாளியின் மோட்டார் சைக்கிள்மீது சுமத்துவது அநியாயம். மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக்கிடக்கும் லயங்களிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோக அவருக்கு வேறு வழியில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 மானியத் திட்டத்தின் 1.99 ரிங்கிட் பெட்ரோல் மைகாட் அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கே உரியது; இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் தமிழருக்கு அதுவும் கிடையாது. மாதத்துக்கு 300 லிட்டர் என்று தொடங்கிய அந்தச் சலுகை பெரிய வண்டிக்காரருக்கே அதிகம் உதவும். அதில் ஒரு பகுதியைக் குறைத்து மலைத் தோட்டங்களுக்குப் பேருந்து விட்டால், எரிக்கும் எண்ணெயும் குறையும், அட்டையின் நிறம் பார்க்காமல் எல்லாரும் ஏறலாம்.

பெட்ரோனாஸ் எந்தெந்த நாட்டில் யாரோடு கூட்டு வைத்திருக்கிறது, அங்கே எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, அவர்களுக்கு என்ன ஈடு கொடுக்கப்பட்டது என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். கேமரன் மலைக்கும் அந்த அவையில் ஓர் இடம் இருக்கிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்கு வருபவரிடம் பேருந்தோடு சேர்த்து இதையும் கேட்கலாம்.