அயலூர் நீரில் தூண்டில்

தூண்டிலிட்டு மீன் பிடித்தலை வேலையற்றோர் பொழுதுபோக்கென்று இகழ்வார் நம்மிற் பலர். மேனாட்டாரோ அதனை ஒரு கலையெனப் போற்றி, அதன்பொருட்டு நூல்கள் பல யாத்துள்ளனர். இவ்விரு கொள்கைகளுள் யாம் பின்னதையே ஏற்கின்றோம். ஆயினும், கொண்டுவந்த மீனின் எண்ணிக்கையால் அக்கலையை அளத்தல் தகாது. முன்பு அறியாத நீரொன்றை ஒரு மாலைப்பொழுதில் எவ்வளவு அறிந்து மீண்டோம் என்பதே அதற்குரிய அளவுகோலாகும்.

ஆங்கிலேயர் பெரிதும் விரும்புவது டிரவுட் என்னும் மீன். குளிர்ந்து தெளிந்த ஓடைகளில் வாழும் அதனை, இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சியை நீரின்மேல் மெல்ல வீழ்த்திப் பிடிப்பர். நீலகிரியில் தங்கிய ஆங்கிலேயர் அம்மீனை அங்குள்ள ஓடைகளில் வளர்க்க விழைந்தனர். 1863இல் பிரான்ஸிஸ் டே என்பார் செய்த முயற்சி பயன்தரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எச். ஸி. வில்ஸன் என்பார் அதனை நிலைபெறச் செய்தார். அவர்தம் ஊக்கம் பெரிது. எனினும், சென்றவிடத்து நீரில் உள்ளதை அறிவதினும், தாம் விரும்பியதை அந்நீரில் இடுவதிலேயே அவர்கள் கருத்துச் சென்றது.

சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்பார் வேறு வழி சென்றார். இந்திய ஆறுகளில் தூண்டிலிடுதலைப் பற்றி 1873இல் நூலொன்று வெளியிட்ட அவர், நம் ஏரி குளங்களில் தூண்டிலிடுதலைப் பற்றி 1887இல் தனி நூலே செய்தார். கடல் கடந்து வந்த ஒருவர் நம் ஏரிமீன்களின் இயல்பை ஆராய்ந்து எழுதியிருக்க, அவ்வேரிக்கரைகளிற் பிறந்த நாம் அதனை அறியாதிருத்தல் நாணத்தக்கதன்றோ?

விடுமுறையில் புதுவையின் உட்புறக் கொம்யூன்களாகிய வில்லியனூருக்கோ பாகூருக்கோ செல்லும் மாணவர் ஒருவரை எண்ணுக. அங்கே குளிரோடையுமில்லை, டிரவுட்டுமில்லை. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஓடுகின்றது. தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை அடைகின்றது. மாலையில் அவருக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதில் முதல் அரைமணி நேரம் அவர் தூண்டிலைத் தொடாதிருத்தல் நன்று.

முதலில் ஊராரைக் கேட்டல் வேண்டும். ஏரிமீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கலாம். அங்ஙனமாயின், குத்தகைக்காரர் இசைவின்றித் தூண்டிலிடுதல் களவாகும். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியிலோ, உரிய அனுமதியின்றித் தூண்டிலோடு புகுதல் தகாது. பின்னர், தம் நிழல் நீரில் விழாதவாறு நின்று நோக்குக. வயல்நீர் வாய்க்காலில் விழுமிடத்தில் இரைதேடிக் கெண்டைகள் கூடும். ஆம்பலும் கோரையும் அடர்ந்த இடத்தில் விரால் மேலெழுந்து காற்றை விழுங்கி மீளும். அவ்வாறு மூச்சு வாங்காமல் அதனால் உயிர்வாழ இயலாது. அப்பொழுது எழும் வட்ட அலையே அதன் இருப்பிடத்தைக் காட்டிவிடும்.

ஈண்டு ஒரு சோதனை நேரும். சில வேளைகளில் நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகளின் கூட்டம் கொதிநீர்போலப் புரண்டு செல்லும். அதன் கீழே விரால் காவல் நிற்கும். அருகில் வரும் எதனையும் அது பாய்ந்து கடிக்குமாதலின், தூண்டிலில் அதனைச் சிக்கவைத்தல் மிக எளிது. காவல் ஒழிந்த குஞ்சுகளோ பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். ஒரு மீனுக்காக ஒரு குடும்பத்தையே அழித்தல் தகுமோ?

"நாம் விட்டாலும் வலைக்காரர் விடுவரோ?" என்பார் உளர். வலைக்காரர் வயிற்றின்பொருட்டு வருகின்றார். நாமோ இன்பத்தின்பொருட்டுச் செல்கின்றோம். இன்பம் நாடிச் செல்வோனுக்கே அடக்கம் மிகுதியும் வேண்டும். அன்றியும், இன்று பிழைக்கும் குஞ்சுகளே நாளை அவ்வலைக்காரர் குடும்பத்திற்கு உணவாகும்.

அறிவு அருளை மட்டுமன்று, விழிப்பையும் தரும். 1952இல் நம் நாட்டிற்குக் கொணரப்பட்ட திலேப்பியா இன்று ஜிலேபிக் கெண்டை என்னும் பெயரோடு ஏரிதோறும் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்கின்றது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்த்தலாகாதென 2000இல் மத்திய அரசு தடைவிதித்தும், அது முற்றும் ஒழிந்தபாடில்லை. ஆதலின், தூண்டிலிற் பட்ட மீன் நாட்டு மீனா, வந்தேறிய மீனா என்று பகுத்தறிய வல்லவனே நல்ல தூண்டிற்காரன். ஜிலேபிக் கெண்டையைத் தயங்காது வீட்டிற்குக் கொண்டு செல்லலாம். வேற்று நீரின் மீனை ஏரியில் விடுதலோ எக்காலத்தும் கூடாது.

பாகூர் நம்போன்ற மாணாக்கர்க்குப் புதிய ஊரன்று. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. கல்விக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் ஏரிக்கரையில் நிற்கும் மாணவர், தாமும் கற்கவே வந்தவர் என்பதை மறவாதிருப்பாராக. நம் கல்லூரியின் விலங்கியல் ஆசிரியர்கள் ஆண்டுக்கொரு மாலையேனும் மாணவரை இத்தகைய நீர்நிலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டுமென்பது எமது வேண்டுகோள். புட்டியில் மிதக்கும் விராலைக் காட்டிலும், குஞ்சுகளைக் காத்து நிற்கும் விரால் மிகுதியாகக் கற்பிக்கும்.