வினாடி வினாவுக்கு 24 செகண்டு கொடுங்கள்

சென்ற பொங்கல் விழா நிகழ்ச்சி நிரலில் வினாடி வினா இடம் பெறவில்லை. எத்தனை அன்பர்கள் அதைக் கவனித்தீர்களோ தெரியாது. நேரம் போதவில்லை என்று செயற்குழு அறிவித்தது. நானும் அந்தக் குழுவில் இருப்பவன் ஆகையால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் கொடுத்தவை இரண்டே குழுக்கள். அதில் ஒன்று கடைசி நேரத்தில் பரீட்சையைக் காரணம் காட்டி விலகிக்கொண்டது.

இது கல்கத்தாவில் நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. (2001-ல் ஊர்ப் பெயர் கொல்கத்தா ஆகிவிட்டது; என் பேனா இன்னும் மாறவில்லை, மன்னிக்கவும்.) குவிஸ் என்றால் சாப்பாட்டை மறந்துவிடும் ஊர் இது. இங்கே பள்ளிக்கூடத்துக்கு ஒரு குவிஸ், கிளப்புக்கு ஒரு குவிஸ், பாடாவுக்கு ஒரு குவிஸ். சரஸ்வதி பூஜைப் பந்தலில் கூட மைக்கைப் பிடித்து யாராவது கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் அங்கெல்லாம் போகிறார்கள், ஜெயித்துக் கோப்பையும் கொண்டு வருகிறார்கள். நம் மண்டபத்துக்கு மட்டும் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று நாம் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

நான் கேட்டேன், என் வீட்டிலேயே.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தமிழ் விழா மேடை. எந்த அமைப்பு என்பது இங்கே வேண்டாம். என் பேத்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் ஆங்கிலமும் வங்காளமும் ஹிந்தியும் படித்தவள். தமிழ் எழுத்து கூட்டித்தான் படிப்பாள். ஆனால் பாட்டி மடியில் படுத்துக் கேட்டுக் கேட்டுக் குறள் நிறைய மனப்பாடம். கேள்வி: "திருக்குறளில் வரும் மலர்கள் எவை?" அட்டையில் எழுதியிருந்த விடை அனிச்சம், குவளை. பொது அறிவுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும். இவள் இரண்டையும் சொல்லிவிட்டு, "தாமரையும் உண்டு" என்றாள். கேள்வி கேட்டவர் சிரித்தார். "இரண்டே இரண்டுதான் பாப்பா" என்றார். சபையும் சிரித்தது. அவளுடைய தமிழில் வங்காள வாடை அடித்ததும் அந்தச் சிரிப்புக்குக் கொஞ்சம் காரணம் என்று நினைக்கிறேன். அதிகமாகச் சொன்னதால் விடை தவறு என்று மதிப்பெண்ணும் போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "தாத்தா, பாட்டி சொல்லிக் கொடுத்தது தப்பா?"

தப்பில்லை. 617-ஆம் குறளைப் பாருங்கள், 1103-ஆம் குறளைப் பாருங்கள். முன்னதில் திருமகளைச் சொல்லும் இடத்தில் தாமரை வருகிறது. பின்னதில் திருமாலின் கண்ணைச் சொல்லும் இடத்தில் வருகிறது. "அது மலராக வரவில்லை, அடைமொழியாகத்தான் வருகிறது" என்று ஒருவர் வாதாடலாம். தாராளமாக வாதாடட்டும். அந்த வாதத்தில் ஐந்து நிமிஷம் செலவாகியிருந்தால் அந்த மண்டபத்தில் இருந்த ஐம்பது பேர் வீட்டுக்குப் போய்க் குறளைப் புரட்டியிருப்பார்கள். அட்டை குறுக்கே வந்து நின்றதால் ஒரு குழந்தை குறளையே மூடி வைத்தது. அதன் பிறகு அவள் எந்தத் தமிழ் மேடையிலும் ஏறவில்லை. பள்ளிக் குழுவில் மட்டும் இன்று வரை இருக்கிறாள்.

இந்த ஊரில் குவிஸ் எப்படி வேரூன்றியது என்பதை நம்மவர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் அது மதுக்கடை விளையாட்டு. மாலையில் நாலு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து, கிளாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடை எழுதுவார்கள். கடைக்குக் கடை போட்டி, லீக், புள்ளிப் பட்டியல் எல்லாம் உண்டு. நம் நாட்டில் அது தொடங்கியதோ ஒரு மாதா கோயில் ஹாலில். 1967-ல் பார்க் சர்க்கஸ் பகுதியில் உள்ள கிறைஸ்ட் தி கிங் தேவாலயத்தின் ஹாலில் நீல் ஓப்ரையன் என்பவர் பொதுமக்களுக்கான முதல் குவிஸை நடத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் பெரிய பதவி வகித்தவர். ஆங்கிலோ இந்தியர். மேற்கு வங்கச் சட்டமன்றத்திலும் பின்னர் மக்களவையிலும் நியமன உறுப்பினராக இருந்தார். 2016-ல் காலமானார். இந்தியக் குவிஸின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவர் மகன் டெரெக் ஓப்ரையனைப் போர்ன்விட்டா குவிஸ் மூலம் நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இப்போதைய பிள்ளைகளுக்கு அரசியல்வாதியாகத் தெரியும். 1859-ல் தொடங்கிய டல்ஹௌஸி இன்ஸ்டிட்யூட் இந்த விளையாட்டுக்கு ஒரு கோட்டையாக விளங்கியது. ஹைதராபாத்தில் கே சர்க்கிள் 1972-லும், பெங்களூரில் கர்நாடக குவிஸ் சங்கம் 1983-லும் அதற்குப் பிறகு வந்தவை. தூர்தர்ஷனில் 'குவிஸ் டைம்' நடத்திய சித்தார்த்த பாசு 1985-ல்தான் திரையில் தோன்றினார். சென்னையில் சுதந்திர தினத்தன்று கூட்டம் அலைமோதிய லேண்ட்மார்க் குவிஸ் 1999-ல் ஆரம்பித்தது. அதை நடத்தியவர் நவீன் ஜெயகுமார் என்ற கண் டாக்டர்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? ஆங்கிலோ இந்தியர்கள் இந்த ஊரில் நம்மைப் போலவே சிறு கூட்டம். நம்மைப் போலவே பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள் என்று ஏங்குகிறவர்கள். கோடி ரூபாய் பரிசு, டெலிவிஷன், விளம்பரக் கம்பெனி எதுவும் இல்லாமல் ஒரு பொது ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்கள் நடத்திய விளையாட்டு நாடு முழுவதும் பரவியது. நம் மண்டபத்திலும் நாற்காலிகள் இருக்கின்றன. மின்விசிறிகூட ஓடுகிறது.

நம் கேள்விகள்தான் ஓடவில்லை. "எவரெஸ்டின் உயரம் என்ன?" என்று கேட்கிறோம். 8,848 மீட்டர் என்று பதில் வரும். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 என்று அறிவித்துவிட்டன என்பது பழைய அட்டைக்குத் தெரியாது. சரி, தெரிந்தால்தான் என்ன? அந்த எண் சட்டைப்பையில் உள்ள ஃபோனிலேயே இருக்கிறது. அதே விஷயத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி வைத்து அளந்து ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போன அந்த வேலையின் கணக்கு ஒன்றை, ஐம்பது வருஷம் கழித்துக் கல்கத்தாவில் ஜோராஸாங்கோக்காரர் ஒருவர் போட்டு முடித்தார். அவர் கணக்கில் உலகிலேயே பெரியதாக வந்தது எது?" ராதாநாத் சிக்தார் பெயர் வங்காளப் பிள்ளைகளுக்குத் தெரியும். பரங்கிமலை தாத்தா பாட்டிக்குத் தெரியும். இரண்டையும் கோக்கும்போது விடை கிடைக்கிறது. லாம்ப்டன் பெயரோ சிக்தார் பெயரோ தெரியாதவரும் 'முக்கோணம்', 'பெரியது' என்ற இரண்டைப் பிடித்துக்கொண்டு எவரெஸ்டுக்கு ஏறிவிடலாம். நல்ல குவிஸ் கேள்வியின் சூட்சுமம் இதுதான். விடை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை, யோசித்தால் வர வேண்டும்.

இப்படிப்பட்ட கேள்விகள் நம் காலடியில் குவிந்து கிடக்கின்றன. 2004-ல் இந்த ஊர் ராஜ்பவனுக்குக் குடிவந்த ஒருவருக்கு அந்த வீடு புதிதல்ல. 56 வருஷத்துக்கு முன் அவருடைய அம்மா வழித் தாத்தா அங்கே இருந்தவர். அப்பா வழித் தாத்தாவோ நம் எல்லோர் பர்ஸிலும் இருக்கிறார். ராஜாஜியையும் கோபாலகிருஷ்ண காந்தியையும் இதைவிடச் சுலபமாக ஒரு குழந்தைக்கு அறிமுகம் செய்ய முடியுமா? திருவானைக்காவலில் பிறந்து, 1907-ல் கணக்கு ஆபீஸ் உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்த இளைஞர் ஒருவர், டிராமில் போகும்போது பௌபஜாரில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தார். அவர் அன்று இறங்கி அந்தக் கதவைத் தட்டியதால் பிப்ரவரி 28-க்கு ஒரு சிறப்பு வந்தது. நம்மில் எத்தனை பேர் அதே மாதிரி ஆபீஸ் மாற்றலில் இங்கே வந்தவர்கள்! சர் சி.வி. ராமன் நம் ஆள் என்று மேடையில் முழங்குகிறோமே தவிர, அந்த டிராமைக் கேள்வியாக்க நமக்குத் தோன்றவில்லை.

மனப்பாடத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். 1907 மார்ச் 10-ல் சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு அவதானம் செய்து காட்டிய பரம்பரை நம்முடையது. ஆனால் அவதானியின் முன்னால் உட்கார்ந்து கேட்டவர்களும் சாமான்யப்பட்டவர்கள் அல்ல. நம்மிடம் இப்போது பஞ்சம் அந்தக் கேட்கிறவர்களுக்குத்தான்.

நான் சொல்லும் ஏற்பாடு இது. குழுவுக்கு மூன்று பேர். அதில் ஒருவர் பதினைந்து வயதுக்குள், ஒருவர் அறுபதைத் தாண்டியவர். கேள்வியைத் தமிழில் படிப்போம். கேட்டால் ஆங்கிலத்திலோ வங்காளத்திலோ மறுபடி சொல்வோம். விடை எந்த மொழியில் வந்தாலும் மதிப்பெண். ஒரு குழுவுக்குத் தெரியாவிட்டால் கேள்வி அடுத்தடுத்த குழுக்களுக்குப் போகும், யார் சொன்னாலும் முழு மதிப்பெண். விடை சொன்ன குழுவுக்கு அடுத்ததிலிருந்து அடுத்த கேள்வி தொடங்கும். ஊரில் நடக்கும் பெரிய குவிஸ்களில் இதுதான் வழக்கம், நம் பிள்ளைகளுக்குப் பழகிய முறை. மேடையில் ஒருவருக்கும் தெரியாவிட்டால் சபைக்கு, கையில் ஒரு மிட்டாயோடு. விடையை மறுத்துப் பேச யாருக்கும் உரிமை உண்டு. ஆதாரம் காட்டினால் மறுத்தவருக்கும் மதிப்பெண். ஃபோன்கள் வாசலில் ஒரு தாம்பாளத்தில்.

தமிழ்ச் சங்கத்தில் வங்காளத்தில் விடையா என்று குழுவிலேயே ஒரு பெரியவர் கேட்டார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தமிழுக்காக அவர் இந்த ஊரில் உழைத்தது கொஞ்சமல்ல. நான் அவரிடம் சொன்னேன்: "ஐயா, லேக் மார்க்கெட்டில் வாழை இலைக்குப் பேரம் பேசும்போது நீங்களும் நானும் எந்த மொழியில் பேசுகிறோம்?" அவர் சிரித்துவிட்டார், ஆனால் சம்மதிக்கவில்லை. அவருடைய பயம் புரிகிறது. இன்று விடையில் விட்டுக்கொடுத்தால் நாளைக்குக் கேள்வியிலும் விட்டுக்கொடுப்போம் என்கிறார். என் பயம் வேறு. நாளைக்குக் கேள்வி கேட்க எதிரே யாரும் இல்லாமல் போய்விடுவார்களோ என்பது. இதைப் பொதுக்குழுவில்தான் தீர்க்க வேண்டும். வாசகர்கள் கடிதம் எழுதினால் இரண்டு பக்கத்தையும் ஆசிரியர் வெளியிடுவார் என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. வினாடி வினா என்று பெயர் வைத்துவிட்டதால் விடையும் ஒரு செகண்டில் வந்துவிட வேண்டும் என்று மணியை அடித்து அவசரப்படுத்துகிறோம். பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அறுபது விநாடி ஒரு நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம். ஆக, நம் முன்னோர் கணக்கில் ஒரு விநாடி என்பது 24 செகண்டு. தாத்தாவும் பேத்தியும் காதோடு காதாகக் கலந்து பேச அது தாராளம்.

அடுத்த பொங்கலுக்குக் குழுவில் சேரும்படி என் பேத்தியைக் கேட்டேன். மேடை ஏற மாட்டேன், வேண்டுமானால் கேள்வி தயாரித்துத் தருகிறேன் என்றாள். அவளுடைய முதல் கேள்வியில் நானே திணறினேன், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். கேள்வி இது: "தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் வங்காளத்து ஊர் ஒன்றும் 1845-ல் ஒரே விற்பனையில், பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கை மாறின. ஒன்றுக்கு ஹவுராவிலிருந்து லோக்கல் ரயில் உண்டு. மற்றதற்கு மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் போகலாம். ஊர்கள் எவை, விற்றவர் யார்?" விடை தெரிந்தவர்கள் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். எந்த மொழியில் எழுதினாலும் சரி.