காணாமற்போன பெண்ணும் கண்டுபிடிக்கத் தெரியாத நாவலும்

தமிழில் குடும்பத் துப்பறியும் நாவல் நூறாண்டைக் கடந்துவிட்டது. இந்த நூறாண்டில் அதன் பக்கங்களில் எத்தனை இளம்பெண்கள் காணாமற்போயிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால், தானே எழுந்து, தன் காலால் நடந்து, வாசற்படியைத் தாண்டிப் போனவள் அவர்களுள் அரிதினும் அரிது. பெரும்பாலும் அவள் கடத்தப்பட்டிருப்பாள், விற்கப்பட்டிருப்பாள், மயக்கப்பட்டிருப்பாள், ஏமாற்றப்பட்டிருப்பாள். எல்லாம் செயப்பாட்டுவினை. இலக்கணம் கற்பித்துப் பிழைக்கிற நமக்கு முதலில் கண்ணை உறுத்துவது இதுதான். கதையின் நாயகி அவள். வாக்கியத்தின் எழுவாயோ வேறொருவன்.

இதைச் சிறிய குறையாக நாம் கருதவில்லை. 'யார் கொண்டுபோனது?' என்ற கேள்வியில் தொடங்குகிற நாவல், 'ஏன் போனாள்?' என்ற கேள்வியைத் தொடங்குமுன்பே கொன்றுவிடுகிறது. இந்த ஒரே பிழையால் ஒரு முழு இலக்கிய வகையே ஊனப்பட்டுக் கிடக்கிறது என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை எடுத்துக்கொள்வோம். டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றி, 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்த கதை. வக்கீலான கணவனின் வீட்டிலிருந்து மேனகா மறைகிறாள். கணவனின் சகோதரிகளே அவளைச் செல்வரான ஒரு மரைக்காயருக்கு விற்றுவிடுகிறார்கள். அவருடைய மனைவி நூர்ஜகான் அவளைக் காப்பாற்றுகிறாள். இதில் ஒரு நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மீட்பவளும் ஒரு பெண். ஆனால் மேனகா? அவளை விற்கிறார்கள், அவளை மீட்கிறார்கள், அவள் ஒழுக்கத்தை ஐயுறுகிறார்கள், பிறகு அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டில் வாழ அவளுக்கு விருப்பம் உண்டா என்பது எவருக்கும் கேள்வியாகவே தோன்றுவதில்லை. பின்னால் வந்த மாத நாவல்கள் இந்த எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, இருந்த அந்த ஒரு நன்மையையும் கைவிட்டன. குற்றம் வீட்டை விட்டு வெளியேறித் தொழிற்போட்டியாளனிடமும் கல்லூரி வாசலில் நிற்கும் இளைஞனிடமும் போய்ச் சேர்ந்தது. வீடு தூய்மையாகிவிட்டது.

'ரயில் பயணத்தில் படித்துத் தூக்கிப்போடும் புத்தகத்திற்கு இத்தனை விசாரணையா?' என்று சிற்றிதழ் வாசகர்கள் கேட்கக்கூடும். அவர்களிடமும் நமக்கு வழக்கு உண்டு. இந்த வகை தங்கள் கௌரவத்திற்குக் கீழானது என்று அவர்கள் ஒதுக்கினார்கள். ஒதுக்கியதால் அது அப்படியே தங்கிவிட்டது. ஆனால் மக்கள் அதைத்தான் வாசித்தார்கள். ஒரு பெண் வீட்டில் இல்லை என்றவுடன் எதைக் கேட்க வேண்டும் என்பதை அதிலிருந்தும் அதன் வழிவந்த திரைப்படங்களிலிருந்தும்தான் கற்றுக்கொண்டார்கள்.

அணைக்கட்டில் இருந்துகொண்டு எழுதுகிற நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இன்றைய அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்த பள்ளிகொண்டா பகுதியில் 2015 மே மாதம் ஓர் இளம்பெண் காணாமற்போனார். புகார் பதிவாயிற்று. 'யாருடன்?' என்ற கேள்வி எழுந்தது. ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் காவல் நிலையத்திற்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டார். ஜூன் 26 அன்று சென்னை மருத்துவமனையில் உயிரிழந்தார். விசாரணையில் அடித்ததே காரணம் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். மறுநாள் ஆம்பூர் பற்றியெரிந்தது. பேருந்துகள் உடைந்தன, வாகனங்கள் எரிந்தன, காவலர்கள் பலர் காயமுற்றார்கள். ஜூலை முதல் வாரத்தில் அந்தப் பெண் சென்னையில் உயிருடன் இருப்பது தெரிந்தது.

அவருடைய சொந்த வாழ்க்கை நமக்குத் தேவையில்லை. அதைக் கிளறுவது அநாகரிகம். கேள்வி எப்படி வேலை செய்தது என்பதை மட்டும் பாருங்கள். 'யார் கொண்டுபோனது?' என்று கேட்டால் விடையாக ஓர் ஆண் கிடைத்தே ஆக வேண்டும். அந்த ஆண் வேற்று மதத்தவராக இருந்துவிட்டால், மேனகாவை விலைக்கு வாங்கிய மரைக்காயரின் பழைய நிழல் தானாக எழுந்து வந்து அவர்மேல் விழுந்துவிடுகிறது. நூர்ஜகானை எவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அதே நாட்களில், ஜூலை 3 அன்று, 'பாபநாசம்' திரைக்கு வந்தது. அதிலும் ஓர் இளையவர் காணாமற்போகிறார். விசாரணை என்ற பெயரில் ஒரு குடும்பமே அடிபடுகிறது. அங்கே காணாமற்போனது மகன். ஆகவே அவன் எவளோடு போனான் என்று ஊர் கேட்கவில்லை. அவனுக்கு என்ன ஆயிற்று என்று தாய் கேட்கிறாள். மகன் மறைந்தால் துயரம், மகள் மறைந்தால் மானம். நம் மர்மக் கதைகளின் அடிப்படை விதி இதுதான் என்றால் மிகையாகாது.

வியப்பு என்னவென்றால், இந்த விதி நம் பழைய இலக்கியத்தின் விதி அன்று. சங்க அகப்பாடல்களில் வீட்டை விட்டுப் போன மகளைத் தேடும் துறைகள் எத்தனை! அவள் போக்குக்கு இரண்டு பெயர்களை மரபு நமக்குத் தந்திருக்கிறது. தலைவன் பக்கமிருந்து பார்த்தால் 'கொண்டுதலைக்கழிதல்'. தலைவியையும் சேர்த்துப் பார்த்தால் 'உடன்போக்கு'. கொண்டுபோவது வேறு, உடன்போவது வேறு என்பது அந்த இலக்கணத்திற்குத் தெரிந்திருந்தது. நம் மாத நாவல்களுக்குத் தெரியவில்லை.

அங்கேயும் மர்மம் உண்டு, துப்பறிவாளனும் உண்டு. மகள் ஏன் மெலிந்தாள் என்று அறிய அன்னை வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். வேலன் கழங்கு பார்த்து, முருகன் அணங்கினான் என்று சொல்லிவிடுகிறான். புற ஆற்றல் ஒன்றின் தலையில் பழியைப் போட்டு வீட்டை விடுவிக்கும் அவனைத் தமிழின் முதல் பொய்த் துப்பறிவாளன் என்று நாம் சொல்லத் துணிகிறோம். தோழி அவனை எள்ளி நகையாடுகிறாள். உண்மை வெளிப்படும் வழி வேறு. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் அறத்தொடு நிற்றல். வாக்குமூலம் வாங்குவதாக அன்றி, ஒருவர் மற்றவர் பக்கம் நின்று சொல்வதாக அந்த வெளிப்பாடு அமைகிறது. கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில், வழியில் எதிர்ப்பட்ட முக்கோற் பகவர், தேடிச் செல்லும் செவிலியிடம், அந்த இருவரைக் கண்டதை மறைக்கவில்லை. மலையில் பிறந்த சந்தனம் மலைக்கு என்ன பயன், கடலில் பிறந்த முத்து கடலுக்கு என்ன பயன் என்ற பொருளில் கேட்டு அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். தேடிப் போனவளின் கேள்வியே அங்கே மாறிவிடுகிறது. இன்றைய நம் நாவலில் இந்த முதியோர் தோன்றினால் அவர்களையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

மெய்யாகவே கடத்தப்படும் பெண்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சிறுமியர் காணாமற்போனால் ஒவ்வொரு மணித்துளியும் முக்கியம். அங்கே காவல்துறை கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். நாம் பேசுவது வயதுவந்த பெண்களைப் பற்றி. கேரளத்தில் ஒரு தந்தை தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்த மகளின் திருமணத்தை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. துணையைத் தேர்வது வயதுவந்த பெண்ணின் உரிமை என்று ஏற்றது. சட்டம் அவளை எழுவாயாக ஏற்றுக்கொண்டுவிட்டது. நாவல் இன்னும் செயப்படுபொருளாகவே வைத்திருக்கிறது.

இந்த வகைக்குள் இருந்தபடியே வேறு விதமாக எழுத முடியாதா? முடியும். அமெரிக்க எழுத்தாளர் செலஸ்ட் இங் 2014இல் வெளியிட்ட 'எவ்ரிதிங் ஐ நெவர் டோல்ட் யூ' நாவல், காணாமற்போன மகள் இறந்துவிட்டாள் என்பதை முதல் வரியிலேயே வாசகனிடம் சொல்லிவிடுகிறது. வீட்டாருக்குத்தான் இன்னும் தெரியாது. அண்டைவீட்டு இளைஞன்மேல் அண்ணனுக்கு ஐயம். அந்த ஐயம் தவறு. தங்களுக்குக் கைகூடாத கனவுகளைத் தாயும் தந்தையும் அந்தப் பிள்ளையின் தோளில் ஏற்றிய கதைதான் மெல்ல மெல்ல அவிழ்கிறது. துப்பு முழுவதும் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. தமிழிலும் இமையத்தின் 'பெத்தவன்' 2012இல் வந்தது. மகளைக் கொல்லும்படி ஊர் கட்டளையிட, அவளை இரவோடு இரவாக அனுப்பிவைத்துவிட்டுத் தானே இறந்துபோகும் தந்தையின் கதை அது. விடிந்ததும் அந்த வீட்டில் மகள் இல்லை. ஏன் இல்லை என்பது வாசகனுக்குத் தெரியும். நம் மர்ம எழுத்தாளர்களில் எத்தனை பேர் அதைத் தங்கள் பாடநூலாகக் கொண்டார்கள்?

எங்கள் பகுதியையே களமாகக் கொண்டு ஒரு நாவலை எண்ணிப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் ஊர்கள். அவற்றின் ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெரும்பகுதி பெண்கள். விடியற்காலையில் கிராமத்து முனைகளில் கம்பெனி பஸ் வந்து நின்று அவர்களை ஏற்றிப்போகிறது. ஒருநாள் மாலை அந்த பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்கவில்லை. அந்த நாவலின் துப்பறிவாளர் முதலில் அவளுடைய செல்பேசியைத் தேட வேண்டியதில்லை. சம்பளம் வரும் வங்கி அட்டை யார் கையில் இருந்தது? மாதக் கடைசியில் அவளுக்கென்று எவ்வளவு மிஞ்சியது? திருமணப் பேச்சு எடுத்தபோது யாராவது அவளைக் கேட்டார்களா? தையல் எந்திரத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழிக்கு என்ன தெரியும், அவள் அறத்தொடு நின்று சொல்ல இந்த ஊரில் இடமுண்டா? இந்தக் கேள்விகளுக்குள் பத்து நாவல்களுக்கான மர்மம் இருக்கிறது. ஒருவனையும் காவல் நிலையத்திற்கு இழுத்து வராமலே நானூறு பக்கம் எழுதலாம்.

எழுதுகிறவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே. அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தில் ஓர் இளம்பெண்ணைக் காணாமற்போகச் செய்வதற்கு முன், அவள் இருந்த வீட்டில் ஓர் அத்தியாயம் தங்கிப் பாருங்கள். வாசகர்களிடம் கேட்பதும் ஒன்றுண்டு. கடைசிப் பக்கத்தில் துப்பறிவாளன் அவளை மீட்டு வந்து தந்தையிடம் ஒப்படைத்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அந்த வீட்டுக்குத் திரும்ப அவள் விரும்பினாளா என்று நாவலாசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.