தாத்தா பெயரைத் தேடுறீங்களா? அடுத்தவர் பத்திரத்தைப் பாருங்க!

போடிநாயக்கனூரில் பல வீடுகளில் குடும்ப வரலாறு ஒரே வரிதான்: "மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனாங்க." சொத்தே இல்லாதவங்களுக்கு ஏது ஆவணம் என்று பேரப்பிள்ளைகள் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். அது தப்புக் கணக்கு.

இங்கிலாந்தில் எப்படி?

அங்கே 1858 வரை பெரும்பாலும் சர்ச் நீதிமன்றங்கள்தான் உயில்களை உறுதிசெய்தன. உயில் எழுதியவர்கள் வசதியானவர்கள். ஆனால் உயில் தகராறில் சாட்சி சொல்ல வந்த கூலியாள், வேலைக்காரப் பெண்ணிடமும் வயது, ஊர், தொழில் கேட்டு எழுதி வைத்தார்கள். சொத்தில்லாத மூதாதையர் பலர் இன்று கிடைப்பது அந்தச் சாட்சியங்களில்தான்.

போடியில் எங்கே?

பழைய கிரயப் பத்திரத்தின் கடைசியில் சாட்சிகளின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் இருக்கும். சிலர் கைநாட்டு வைத்திருப்பார்கள். நான்கெல்லை விவரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரும் வரும். 1908 பதிவுச் சட்டத்தின் 57வது பிரிவுப்படி, கட்டணம் கட்டினால் சொத்துப் பத்திரப் பதிவின் நகலை யாரும் வாங்கலாம். பதிவான உயிலின் நகலும், எழுதியவர் இறந்தபின் யாருக்கும் கிடைக்கும். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அதில் சாட்சி பெயர் வராது.

மெட்டுக்கு மேலே என்றால் கேரளம். அந்தத் தோட்டப் பத்திரங்களை இடுக்கி மாவட்டத்தில்தான் கேட்கணும்.

ஆனால் யாருடைய தோட்டம், எந்த ஊர் என்று தெரியாமல் எந்த ஆபீஸிலும் தேட முடியாது. அது பாட்டிக்குத்தான் தெரியும். இந்த வாரமே கேட்டு, போனில் பதிவு செய்துடுங்க.